நிற்க என்பதற்குக் கீழே

சொரிமுத்து தன் வாழ்நாளில் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. பம்பாயில், குர்லாவில் துப்பாக்கிக் கம்பெனியில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர், ஒரே ஒரு தடவைதான் விசையை இழுத்தார். அதுவும் கூட்டாளி கரீம் பாட்சா, "நீயெல்லாம் ஒரு ஆம்பிளையாவே?" என்று உசுப்பேற்றிவிட்டதால். காது அடைத்துக்கொண்டு, மூன்று நாள் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டதாம். ஆனாலும் தாராவியில் அவர் குடியிருந்த வரிசையில் அவருக்குத் துப்பாக்கிக்காரர் என்றுதான் பெயர். குழாயடியில் தண்ணீர்ச் சண்டை முற்றினால், "அது துப்பாக்கிக்காரர் வீட்டுக் குடம், பாத்துத் தொடுங்க" என்பார்கள். அவர் மனைவி ஆறுமுகத்தாய்க்கு இதில் உள்ளூரப் பெருமை. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

உண்மையில் அவர் செய்தது பெட்டி கட்டும் வேலை. துப்பாக்கியைக் கழற்றி, கிரீஸ் பூசி, எண்ணெய்க் காகிதம் சுற்றி, மரச்சீவல் அடைத்த பெட்டியில் படுக்கவைத்து, ஆணி அடித்து, மேலே விலாசம் எழுத வேண்டும். பாபநாசம் மலையடிவாரத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, 1938இல் பம்பாய்க்கு வந்தவர். அந்த ஐந்தாம் வகுப்புதான் பிற்பாடு அவருக்கு வினையாக வந்தது. ஏனென்றால் அந்தக் கம்பெனியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கரீம் பாட்சாவுக்குப் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது.

துப்பாக்கிக் கம்பெனிக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கம்பெனியை நடத்திய ஜால்பாய் சேட் என்ற பார்சிக்காரர், நாற்பதாம் வருஷ வாக்கில் தமிழ்ப் பஞ்சாங்கம் ஒன்றின் பின்னட்டையில் விளம்பரம் கொடுத்தார். நல்ல நேரம் பார்க்க அட்டையைப் புரட்டுகிறவன் எல்லாம் அந்தத் துப்பாக்கிப் படத்தையும் பார்த்தான். தென்காசியிலிருந்து தேனி வரைக்கும் மலையடிவாரத்தில் நெல்லும் கிழங்கும் போட்டுக் காட்டுப்பன்றிக்குப் பறிகொடுத்த சம்சாரிகள், பயிர்க்காவல் லைசென்ஸ் வாங்கிய கையோடு பம்பாய்க்கு எழுதினார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ஒரே சரக்கு, நம்பர் மூணு. ஒற்றைக்குழல், எடை குறைவு, குதிரை வெளியே. குதிரை என்றால் தோட்டாவின் பின்பக்கத்தில் அடிக்கிற இரும்பு. அதைக் கட்டைவிரலால் நிமிர்த்தி வைத்தால்தான் வெடிக்கும், படுத்திருந்தால் வெடிக்காது. துப்பாக்கி ரயில் பார்சலில் திருநெல்வேலி டீலர் கடைக்குப் போகும். கடிதம் மட்டும் நேரே கம்பெனிக்கு வரும். அதைப் படித்துச் சொல்ல சொரிமுத்து கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போவார்.

நம்மவர்கள் கடிதம் எழுதுகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததல்ல. 'கம்பெனி முதலாளி அவர்கள் சமூகத்திற்கு, இன்னார் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் சம்சாரம், பிள்ளைகள், ஆடுமாடுகள் யாவரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்துக்கும், தங்கள் குடும்பத்தார் சுகத்துக்கும், கம்பெனியின் அபிவிருத்திக்கும் எல்லாம் வல்ல ஈசனைத் தினமும் பிரார்த்திக்கிறேன். நிற்க.' இந்த 'நிற்க' வந்துவிட்டால், நலம் விசாரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன் என்று அர்த்தம். அதற்குக் கீழேதான் இடி, மின்னல் எல்லாம். 'தாங்கள் அனுப்பிய துப்பாக்கியின் மரக்கட்டை ஒரு மழைக்கே ஊதிவிட்டது. இதற்குக் கம்பெனி வெட்கப்பட வேண்டியது.'

ஜால்பாய் சேட் இதை இரண்டாவது கடிதத்திலேயே பிடித்துக்கொண்டார். "மேல இருக்கிறது சாமிக்கு. கீழ இருக்கிறதுதான் எனக்கு. கீழேருந்து சொல்லு" என்பார். பேச்செல்லாம் பம்பாய் ஹிந்திதான். அதை அப்படியே எழுதினால் ஹிந்திக்காரர்களே சண்டைக்கு வருவார்கள் என்பதால் தமிழில் தருகிறேன். கேட்டுக்கொண்டே சேட் எழுந்து பட்டறைக்குள் போவார். துப்பாக்கியின் அடியில் அடித்திருக்கும் ஃபிட்டர் நம்பரைக் கடிதத்தில் எழுதியிருப்பார்கள், அது யாருடையது என்று பார்த்து, அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஏன் ஊதிச்சு?" என்று கேட்பார். திட்டுவார், பிறகு அவனோடேயே டீ குடிப்பார். மறு மாசம் கட்டைக்கு இரண்டு தடவை எண்ணெய் ஏறும். வாசல் கவுண்டரில் நாசிக் பக்கத்துச் சம்சாரிகள் துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். சேட் அவர்களோடு பன்றியின் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இந்த மனுஷன் வியாபாரம் பண்ணுகிறாரா, பொழுதுபோக்குகிறாரா என்று சொரிமுத்துக்கு அப்போது விளங்கியதில்லை.

1962இல் மழைக்காலத்தில் ஜால்பாய் சேட் போய்ச் சேர்ந்தார். மகன் ரூஸி சேட் சீமையில் மெஷின் படிப்புப் படித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதே வருஷம் எல்லையில் சண்டை வந்தது, சர்க்கார் ஆர்டரும் வந்தது.

ரூஸி சேட்டைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆட்கள் பெயரை ஞாபகம் வைத்துக் கூப்பிடுவார். கக்கூஸ் கட்டிக்கொடுத்தார், கேன்டீன் வைத்தார். ஆனால் அவருக்குத் துப்பாக்கி என்றால் மெஷினிலிருந்து வெளியே வருகிற பொருள், அவ்வளவுதான். முதல் மாசத்தில் சொரிமுத்து பழக்கப்படி ஒரு கடிதத்தைக் கீழேயிருந்து படித்துச் சொன்னார். குழல் கட்டையில் சரியாக உட்காரவில்லை, ஆடுகிறது என்று அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். ரூஸி சேட் முகம் சிவந்து, "யார் நம்பர்?" என்றார். பதினேழு. கரீம் பாட்சா. ஸ்டூலும் இல்லை, டீயும் இல்லை. கரீம் பாட்சாவை மூன்று மாசம் பெஞ்சிலிருந்து இறக்கி, இரும்புத்தூள் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். இருபது வருஷம் கை நடுங்காமல் குழல் பொருத்திய மனுஷன், துடைப்பத்தோடு குனிந்து நின்றான்.

சொரிமுத்து அவன் முகத்தைப் பார்க்கக் கூசி, கேன்டீனில் வேறு பலகையில் போய் உட்கார்ந்தார். கரீம் பாட்சாதான் தட்டோடு எழுந்து வந்தான்.

"என்னவே, என்னமோ நீயே என்னைய கூட்டச் சொன்ன மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அவன் எழுதினான், நீ படிச்ச. ஒம்மேல என்ன தப்பு இருக்கு? சோத்தத் தின்னுவே."

அந்தப் பெருந்தன்மைதான் சொரிமுத்தைக் கெடுத்தது. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த கடிதம் வந்தபோது அவர் மேலேயிருந்து படிக்க ஆரம்பித்தார். 'தங்கள் குடும்பத்தார் சுகத்துக்கும், கம்பெனியின் அபிவிருத்திக்கும்...' என்று ஒவ்வொன்றாக ஹிந்தியில் சொல்லச் சொல்ல, ரூஸி சேட்டின் முகம் மலர்ந்தது. இங்கிலாந்தில் எந்த வாடிக்கையாளனும் கம்பெனிக்காகக் கடவுளை வேண்டிக்கொண்டதாக அவர் கேள்விப்பட்டதில்லை. "தினமுமா வேண்டிக்கிறான்?" என்று கேட்டார். "தினமும், சேட்" என்றார் சொரிமுத்து. அது பொய்யும் அல்ல. 'நிற்க' வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் துப்பாக்கி வேணுமாம்" என்றோ, "துப்பாக்கியைப் பத்தி விசாரிச்சிருக்காரு" என்றோ முடித்துக்கொண்டார்.

ரூஸி சேட் இந்த வாழ்த்துகளை ஒட்டிவைக்கத் தடித்த ஃபைல் ஒன்று போடச் சொன்னார். டைப்பிஸ்டுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே எதுவரை ஒட்டுவது என்று சொரிமுத்து ஒரு அடையாளம் சொல்லிக்கொடுத்தார்: இந்தச் சொல் வருகிற வரைக்கும், அதற்குக் கீழே மடித்துவிடு. அந்தச் சொல்லின் வடிவம் ரூஸி சேட்டுக்கும் பழகிவிட்டது. தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'நிற்க'.

இதற்கிடையில் கம்பெனி வளர்ந்தது. வளர்ந்ததா என்பதுதான் சொரிமுத்தின் குழப்பம். மூன்று ஷிப்டு ஓடியது, புது ஷெட் எழும்பியது, லாரி லாரியாகச் சரக்கு போயிற்று. ஆனால் அவர் விலாசம் எழுதுகிற பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. சர்க்கார் பெட்டிக்கு விலாசம் கிடையாது, நம்பர்தான். வாசலில் காவல் போட்டு, பாஸ் இல்லாதவன் உள்ளே வரக்கூடாது என்றார்கள். கவுண்டரை மூடிவிட்டார்கள். ஒருநாள் நாசிக் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வழக்கம்போல் கோணியில் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு வர, காவல்காரன் அவரைப் பிடித்து உட்காரவைத்துப் போலீசுக்கு ஆள் அனுப்பினான். துப்பாக்கி செய்கிற இடத்தில் துப்பாக்கி வைத்திருந்ததற்காக! லைசென்ஸைக் காட்டித்தான் விடுபட்டார். "ஜால்பாய் எங்கே?" என்று மராட்டியில் கேட்டுக்கொண்டே போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்துச் சம்சாரி எவனும் வரவில்லை. அவ்வப்போது வந்த கன்னடக் கடிதங்களைப் படிக்க ஆள் இல்லாமல் சாக்கில் போட்டார்கள். பஞ்சாங்க விளம்பரத்தையும் நிறுத்திவிட்டார்கள். பழைய பஞ்சாங்கத்தை யாரும் தூக்கிப் போடாததால், தமிழ்க் கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

1964இல் நம்பர் மூணு நின்றது. பதிலுக்கு நம்பர் நாலு. சர்க்கார் ரைபிளுக்காக வைத்த மெஷினிலேயே கட்டையும் குழலும் செய்தால் மிச்சம் என்று ரூஸி சேட் முடிவு கட்டினார். மூன்று பவுண்டு கனம் கூடியது. வெளிக்குதிரை போயிற்று, எல்லாம் உள்ளே. பக்கத்தில் பொடியாக ஒரு தள்ளுபூட்டு. முன்னால் தள்ளினால் வெடிக்கும், பின்னால் இழுத்தால் வெடிக்காது. "ஜவான் தூக்குறதை விவசாயி தூக்க மாட்டானா?" என்று கேட்டார் ரூஸி சேட். யாரிடம் கேட்டார் என்றால், சொரிமுத்திடம். பெட்டி கட்டுகிறவர் என்ன சொல்வார்? "தூக்குவான், சேட்" என்றார். இந்த நம்பர் நாலைப் பொருத்துகிற வேலை கரீம் பாட்சாவும் இன்னும் பதினொரு பேரும் இருந்த, வெளியாருக்குத் துப்பாக்கி செய்கிற சிவில் பெஞ்சுக்கு வந்தது. சர்க்கார் பக்கத்துக்குப் புது ஆட்கள் வந்துவிட்டதால், இவர்களுக்கு அந்தப் பெஞ்சை விட்டால் போக்கிடம் இல்லை.

1965 தை மாசம் பூதத்தான் என்பவரின் கடிதம் வந்தது. சிங்கம்பட்டிப் பக்கம். சொரிமுத்து பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும், நடந்தே போய்விடலாம். ஆளைத் தெரியாது. மேல்பாதியில் ஒரு குறையும் இல்லை. ஊர்க்கோயில் சாஸ்தாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் கம்பெனியை வாழ்த்தியிருந்தார். நிற்க என்பதற்குக் கீழே எழுதியிருந்தது இது:

'எனக்கு நம்பர் மூணுதான் வேண்டும். குதிரை வெளியே இருக்க வேண்டும். பரண்மேல் இருட்டில் கட்டைவிரலால் தடவினால், அது நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று கைக்குத் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் எதுவும் அனுப்ப வேண்டாம். காத்திருக்கிறேன்.'

சொரிமுத்து யோசித்தார். சொன்னால் இந்த ஆர்டர் போகும். இப்படியே போனால் பெஞ்சே போகும். துப்பாக்கி துப்பாக்கிதானே, எதுவானால் என்ன, வெடித்தால் சரி. "ஒரு துப்பாக்கி வேணுமாம், சேட். சாமி சாட்சியா வாழ்த்தியிருக்காரு" என்றார். நம்பர் நாலை அவரே தன் கையால் கிரீஸ் பூசிப் பெட்டியில் படுக்கவைத்தார். ஊர்க்காரன் என்று இரண்டு கைப்பிடி மரச்சீவல் கூடுதலாக அடைத்தார்.

இரண்டு மாசத்தில் பூதத்தான் மறுபடி எழுதினார். சுகம், பிரார்த்தனை, நிற்க. 'வேறு துப்பாக்கி வந்திருக்கிறது. பூட்டு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று இருட்டில் தெரியவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற கைக்கு அது அகப்படவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டு, பழையதைத் தர வேண்டியது.' இதையும் சொரிமுத்து மேலேயிருந்தே படித்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. சயான் ஸ்டேஷனுக்கு வெளியே தபாலாபீசில் அட்டை வாங்கி, யாரிடமும் சொல்லாமல் அவரே ஒரு பதில் போட்டார். 'உபய குசலம். நிற்க. புதுத் துப்பாக்கி பழகினால் சரியாகிவிடும். கம்பெனிக்காக.' கீழே கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

மூன்றாவது கடிதத்தில், 'பழகிப் பார்த்தேன், பழகவில்லை' என்றிருந்தது. நாலாவதில், 'இரண்டு தடவை பன்றி தப்பிவிட்டது. இன்னொரு தடவை அது தப்புமா நான் தப்புவேனா தெரியாது' என்றிருந்தது. அந்த நாலாவதிலும் மேலே வாழ்த்து குறையவில்லை. டைப்பிஸ்ட் மடித்து ஒட்டினாள்.

1967 ஆவணியில் ரூஸி சேட் சொரிமுத்தைக் கூப்பிட்டார். மேஜையில் ஃபைல் திறந்திருந்தது. சேட்டின் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தார்.

"எனக்கு ஒண்ணு புரியலை, சொரிமுத்து. எல்லாரும் வாழ்த்துறாங்க, ஆனா யாரும் வாங்கலை. போன வருஷம் சிவில் பெஞ்ச்ல செஞ்சதில் பாதி கிடங்கில் கிடக்கு. பிடிக்கலைன்னா எழுதுவாங்கல்ல? ஒருத்தன்கூட எழுதலையே!"

சொரிமுத்து ஃபைலில் மடித்து ஒட்டியிருந்த ஓரத்தையே பார்த்தார்.

"தீபாவளிக்கு முந்தி அந்தப் பெஞ்சை மூடிடலாம்னு இருக்கேன். பன்னிரண்டு பேரை வேற எங்கேயும் போட முடியாது. ஒரு வாரம் பார்ப்போம். உங்க ஆட்கள் என்ன எழுதுறாங்கன்னு கொண்டுவா. அதை வச்சு முடிவு பண்றேன்."

சொரிமுத்து வெளியே வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், தன் பெட்டி கட்டுகிற இடத்துக்குப் பதிலாகச் சர்க்கார் ஷெட்டுக்குள் போய், அங்கே காவல்காரன் பாஸ் கேட்க, முழித்துக்கொண்டு நின்றார். சொன்னால் பெஞ்ச் செய்தது மோசம் என்று மூடுவார்கள். சொல்லாவிட்டால் வாங்க ஆளில்லை என்று மூடுவார்கள். காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஐந்து வருஷமாக என்னதான் செய்துகொண்டிருந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. அன்று சாயங்காலம் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் கரீம் பாட்சாவை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கரீம் பாட்சா முதலில் சிரித்தான். "அடப்பாவி, மேப்பாதியவே அஞ்சு வருசமா படிச்சியாக்கும்? மெய்யாத்தான் சொல்லுதியா?" என்றான். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்பம் எங்க சாமான் நல்லாருக்கா, நாறுதான்னு எங்களுக்கே தெரியாதேவே. நான் நல்லாருக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். கொறை ஒண்ணும் வரலியேன்னு பெஞ்சுல சொல்லிச் சொல்லி மாய்ஞ்சேன்."

"ஒனக்காகத்தாம்வே..."

"எனக்காகன்னா எங்கிட்டயாவது சொல்லியிருக்கணும்லா? நான் தொடப்பத்தப் புடிச்சேன், மூணு மாசம். செத்தா போயிட்டேன்?"

கரீம் பாட்சா கோபித்துக்கொண்டானா இல்லையா என்று தெரியவில்லை. வழக்கம்போலச் சொரிமுத்தின் தோளில் கை போட்டுத்தான் படி இறங்கினான். ஆனால் வண்டியில் ஏறியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டில் ஆறுமுகத்தாய் முழுசையும் கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"கல்யாணப் பத்திரிகையில மேல சாமி பேருதான் போடுதோம். அதுக்காவ, கீழ எந்த ஊரு, எந்த மண்டபம்னு வாசிச்சுச் சொல்லாட்டா எவன் கல்யாணத்துக்கு வருவான்? நீங்க சாமி பேர மட்டும் வாசிச்சிட்டு வந்திருக்கிய."

"நல்லதுக்குத்தாம்ட்டி செஞ்சேன்."

"யாருக்கு நல்லதுக்கு?" என்று கேட்டாள். உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. கடிதம் ஒன்றும் வரவில்லை. வந்தால் இந்தத் தடவை கீழேயிருந்து படித்துவிடுவது என்று குர்லா போகும் வண்டியில் முடிவு செய்வார், வாசலில் பாஸைக் காட்டும்போது மனசு மாறிவிடும். வியாழக்கிழமை பத்தரை மணிக்குத் தபால்காரன் ஒரு அட்டை கொண்டுவந்தான். அதிகாரிகள் எல்லாம் சர்க்கார் ஷெட்டில் இருந்தார்கள். ரூஸி சேட் மட்டும் அறையில் இருந்தார். "தமிழா? வா, வா" என்று அவரே ஆவலாகக் கூப்பிட்டார்.

சொரிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கொண்டு எழுதவைத்திருந்தார்கள். கொட்டை எழுத்து. 'சமூகத்திற்கு' என்று இல்லை. 'சுகம்' என்று இல்லை. நம்மவர்களில் எவ்வளவு பகையானாலும், கோர்ட்டில் எதிர் எதிரே நிற்கிறவனுக்கு எழுதினால்கூட, இரண்டு வரி சுகம் விசாரிக்காமல் எழுத மாட்டார்கள். சாவு ஓலைக்குத்தான் சுகம் எழுதுவதில்லை.

"சொல்லு" என்றார் ரூஸி சேட். பொறுக்காமல் அட்டையைத் தானே வாங்கிக்கொண்டார். முன்னும் பின்னும் திருப்பினார். தனக்குத் தெரிந்த அந்த ஒற்றைச் சொல்லை விரலால் வரி வரியாகத் தேடினார்.

"அந்த வார்த்தை எங்கே?"

"இதுல அது இல்ல, சேட்."

"அப்போ இது மேல்பாதியா, கீழ்ப்பாதியா?"

"முழுசும் கீழ்ப்பாதிதான், சேட்" என்றார் சொரிமுத்து.

அட்டையைத் திரும்ப வாங்கி, ஒரு சொல்லைக்கூட விடாமல், கூட்டாமல் குறைக்காமல் ஹிந்தியில் சொன்னார். 'போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் பூதத்தானைப் பன்றி கிழித்துப் போட்டுவிட்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை. பூட்டு பின்னால் இருந்தது. நாலு கடிதாசி போட்டார். பழகினால் சரியாகிவிடும் என்று ஒரு அட்டை வந்தது. அந்த நாலையும் யார் படித்தது? முப்பிடாதியம்மாள்.'

ரூஸி சேட் நாற்காலியில் முன்னும் பின்னும் அசைந்தார். சீமைப் படிப்பில் இதற்கெல்லாம் ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. "பூதத்தான்... அந்த சாமி சாட்சியா வாழ்த்தினவனா?" என்றார். சொரிமுத்து தலையசைத்தார்.

"நாலு கடிதம் போட்டானா? பழகினால் சரியாயிடும்னு நாம எழுதினோமா? நான் எழுதலையே. யார் படிச்சது?" என்று கேட்டார். அந்த அம்மாள் கேட்ட அதே கேள்வி. வேண்டுமென்று கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"நான்தான், சேட். படிச்சதும் நான்தான். அந்த அட்டை போட்டதும் நான்தான்."

கத்துவார் என்று சொரிமுத்து காத்திருந்தார். வேலையை விட்டுப் போ என்றால் போய்விடலாம் என்றிருந்தது, அப்படிச் சொல்லித் தொலைத்தால்கூட நிம்மதிதான். ரூஸி சேட் கத்தவில்லை. அந்தத் தடித்த ஃபைலை இழுத்து, 1965ஐத் தேடிப் பிடித்து, பூதத்தானின் முதல் கடிதத்தைக் கண்டுபிடித்தார். நிற்க என்ற சொல்லுக்குக் கீழே மடித்து ஒட்டியிருந்ததை நகத்தால் கிளப்பினார். இரண்டரை வருஷப் பசை. ஓரத்தில் காகிதம் கிழிந்துதான் வந்தது. பிரித்த கடிதத்தைச் சொரிமுத்தின் பக்கமாகத் திருப்பி வைத்து, எதிர் நாற்காலியைக் காட்டினார். அந்த அறையில் சொரிமுத்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

வெளியே கேன்டீன் மணி அடித்தது. சிவில் பெஞ்ச் ஆட்கள் பேசிக்கொண்டு போவது ஜன்னல் வழியாகக் கேட்டது, அதில் கரீம் பாட்சாவின் குரலும் இருந்தது. சொரிமுத்து கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு வரிமேல் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"எனக்கு நம்பர் மூணுதான் வேண்டும். குதிரை வெளியே இருக்க வேண்டும், பரண்மேல் இருட்டில் கட்டைவிரலால் தடவினால், அது நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று கைக்குத் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் எதுவும் அனுப்ப வேண்டாம். காத்திருக்கிறேன்."